மாவுப்பூச்சியை வென்ற குளவி



எங்கள் கணியூரை அடுத்த உடுமலைப்பேட்டை வட்டாரத்திலே 2009ஆம் ஆண்டில் மல்பெரித் தோட்டங்கள் வெளுத்துப் போயின. வந்தது பப்பாளி மாவுப்பூச்சி. முந்திய ஆண்டிற்றான் கோயம்புத்தூரில் அது கண்டறியப்பட்டிருந்தது. பப்பாளி, மரவள்ளி, பருத்தி எதையும் அது விட்டுவைக்கவில்லை.

உழவர் மருந்துக் கடைக்கு ஓடினர். அதனை நான் குறை கூறேன். ஆயினும் பூச்சியின் உடலை மெழுகு மூடியிருந்தது. முட்டைகளோ பஞ்சுப் பைக்குள் பத்திரமாயிருந்தன. மருந்து எப்படி எட்டும்? மேலும், நஞ்சு பட்ட இலையைப் பட்டுப்புழுவுக்கு இடலாமா? அதுவும் பூச்சியினந்தானே!

அறிஞர்கள் வேறொரு வினாவை எழுப்பினர். இதன் தாயகமான மெக்சிக்கோவில் இது ஏன் இவ்வளவு பெருகவில்லை? அங்கே இதற்கொரு பகை உண்டு. எள்ளினும் சிறிய ஓர் ஒட்டுண்ணிக் குளவி. பகையை அங்கேயே விட்டுவிட்டுப் பூச்சி மட்டும் கடல் கடந்திருக்கிறது!

2010இல் பெங்களூரிலுள்ள மத்திய அரசின் பூச்சி ஆய்வு நிறுவனம் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அக்குளவியை வரவழைத்தது. தனியறையில் அடைத்துச் சோதித்த பின்னரே அதை வெளியே விட்டனர். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகமும் அதனைப் பெருக்கிற்று. எதில் தெரியுமா? முளைவிட்ட உருளைக்கிழங்கில்! கிழங்கில் மாவுப்பூச்சியை வளர்த்து, அதன்மேல் குளவியை விட்டார்கள்.

குளவி பூச்சியின் உடலுக்குள்ளேயே முட்டையிடும். மெழுகு என்ன செய்யும்? பொரித்த புழு உள்ளிருந்தே தின்னும். ஆனால் ஒரு நிபந்தனை: மருந்தடிப்பதை நிறுத்த வேண்டும். இழப்பின் நடுவே கைகட்டி நிற்பது எளிதா? அதுவே கடினமான பகுதி என்பேன்.

சில மாதங்களில் வெண்மை அடங்கிற்று. இலையடியில் துளை விழுந்த வெற்றுக் கூடுகளே எஞ்சின.