ஓய்வுபெறும் அனுபவம்

மாமல்லபுரத்துக்கு இருப்புப்பாதை இல்லை; அங்குள்ளோர் பலரும் இரயிலேறச் செங்கற்பட்டுக்கு வருகின்றனர். சென்னைக் கடற்கரையிலிருந்து செங்கற்பட்டு வழியே திருமால்பூர் செல்லும் மின்சார இரயிலொன்று, 2018 ஜூலை 24 அன்று, மின்கம்பி பழுதுற்றமையால் விரைவு வண்டிப் பாதைக்கு மாற்றப்பட்டது. பரங்கிமலை நிலையத்தில் அப்பாதையோரச் சுவரில், படியில் தொங்கிச் சென்றோர் மோதினர், சிலர் மாண்டனர்.

தொங்கியவர் துணிச்சலே காரணம் என்பார் உளர். அது பாதி உண்மை. விரைவு வண்டிகளில் தொங்குவோர் அரியர்; நெரிசல் வண்டி அங்கே திரும்பும்போதுதான் அச்சுவர் எமனாகிறது. இத்தகைய நுட்பம் முப்பதாண்டு அத்தடத்தை நடந்து பார்த்த மேலாளர் நினைவில் இருக்கும். அவர் ஓய்வுபெறும் நாளில் மாலை அணிவிக்கிறோம்; அந்நினைவை எழுதி வாங்குகிறோமா? புதியவரை அவருடன் ஒரு திங்களேனும் தடத்தில் நடக்கவிடுதல் பெருஞ்செலவன்று.