உண்ணாத மருந்தும் பலிக்காமற் போவது ஏன்?
(உழவர் பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)



களைக்கொல்லிகளைப் பற்றிப் பேசவே என்னை அழைத்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் காச நோயைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல அனுமதிக்க வேண்டும். உழவியல் ஆசிரியனுக்கு இதில் என்ன வேலை என்பீர்கள். என் சிற்றப்பாதான் காரணம்.

அவருக்கு ஆறு மாதச் சிகிச்சை தொடங்கினார்கள். இரண்டு மாதத்தில் இருமல் நின்றது, உடம்பும் தேறியது. அறுவடை வந்தது. நினைத்த நாள் விழுங்குவதும் மற்ற நாள் விடுவதுமாக இருந்து, கடைசியில் மாத்திரையை நிறுத்தியே விட்டார். மறு ஆண்டு நோய் திரும்பியது. சளியைச் சோதித்த மருத்துவர், ரிபாம்பிசின், ஐசோநியாசிட் இரண்டும் இனிப் பலிக்காது என்றார். எத்தியோனமைடு என்னும் மருந்தும் உதவாது என்றார்.

"அந்த மாத்திரையை நான் கண்ணால்கூடப் பார்த்ததில்லையே, ஐயா!" என்றார் சிற்றப்பா.

நியாயமான கேள்வி. நோய் முற்றிய நுரையீரலில் கிருமிகள் கோடிக்கணக்கில் இருக்கும். அவற்றுள் ஏறத்தாழ பத்து லட்சத்தில் ஒன்று ஐசோநியாசிட்டைத் தாங்கும் தன்மையோடு தானாகவே தோன்றிவிடுகிறது. ஒன்றுக்குத் தப்பியது இன்னொன்றில் மடியட்டும் என்றுதான் நான்கு மருந்துகளைச் சேர்த்துத் தருகிறார்கள். விட்டு விட்டு உண்டால் தாங்கும் கிருமிகளே மிஞ்சிப் பெருகும்.

ஐசோநியாசிட், எத்தியோனமைடு இரண்டும் கிருமியின் ஒரே நொதியைத்தான் தாக்குகின்றன. கிருமியின் மெழுகு உறையைக் கட்ட உதவும் நொதி அது. மரபணு மாற்றத்தால் அந்த நொதி அளவுக்கு மீறி உற்பத்தியானால் இரு மருந்துகளும் போதாமற் போகும். இதையே குறுக்கு எதிர்ப்பு என்கிறோம். வேறு சில கிருமிகளில் ஐசோநியாசிட்டைச் செயல்பட வைக்கும் மற்றொரு நொதி கெட்டுப்போயிருக்கும். அப்போது எத்தியோனமைடு பலிக்கும். எது என்பதைச் சோதனைக் கூடம்தான் சொல்ல வேண்டும்.

மருத்துவர் இன்னொன்றும் கேட்டார்: "முன்பு எப்போதாவது தொழுநோய்க்கு மருந்து சாப்பிட்டீர்களா?" சிற்றப்பாவுக்குக் கோபமே வந்துவிட்டது. கேட்டதில் காரணம் உண்டு. இப்போது அவருக்குத் தரும் கூட்டில் முக்கியமானது பெடாகுயிலின். 2012-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்து. குளோபாசிமினோ தொழுநோய்க்கான பழைய மருந்து. இரண்டுக்கும் உருவ ஒற்றுமை ஏதுமில்லை. ஆனால் கிருமியின் உறையில் ஒரு பம்பு இருக்கிறது. அதை அடக்கி வைக்கும் புரதம் ஒன்றும் உண்டு. நம் மோட்டாருக்குச் சுவிட்சு போல. அந்தச் சுவிட்சு கெட்டுவிட்டால் பம்பு ஓயாமல் ஓடி இரு மருந்துகளையும் வெளியே இறைத்துவிடும்.

ஒரே குடும்பத்து மருந்தென்றால் எல்லாம் சேர்ந்தே தோற்கும் என்பதுமில்லை. கனமைசினைத் தாங்கும் கிருமி அமிகாசினையும் பெரும்பாலும் தாங்கும். அதே குடும்பத்து ஸ்ட்ரெப்டோமைசின் அங்கே பலிக்கக்கூடும். பங்காளிகள் என்றாலும் பாதை வேறு!

நம் தொழிலிலும் இதைக் கண்டோம். ஹரியானாவிலும் பஞ்சாபிலும் கோதுமை வயல்களில் ஐசோபுரோட்டுரானையே ஆண்டுதோறும் தெளித்தார்கள். 1990-களின் தொடக்கத்தில் மண்டூசி என்னும் களை அதற்கு மடியவில்லை. அதில் சில வகைகள் டைக்ளோபாப் மீதைல் என்னும் வேறு மருந்தையும் தாங்கி நின்றன.

ஆகவே, சிகிச்சைக்குப் போகும்போது பழைய மருந்துச் சீட்டுகள் அனைத்தையும் எடுத்துச் செல்லுங்கள். எது எதற்கு உண்டது, எப்போது விட்டது என்பதை மறைக்காதீர்கள். கடையில் கேட்டு வாங்கி உண்ண வேண்டாம். சோதனையும் மருந்தும் அரசு மருத்துவமனையில் இலவசமாகவே கிடைக்கின்றன.

சிற்றப்பாவுக்கு இது மூன்றாம் மாதம். சித்தி எதிரில் நின்று மாத்திரை கொடுக்கிறார். வீட்டில் எல்லோரையும் சோதிக்கச் சொன்னார்கள். அவரிடமிருந்து பரவினால் எதிர்ப்புள்ள கிருமியே பரவும். பேரனுக்கு நான்கு வயது. அவன் எந்த மாத்திரையையும் தவறவிட்டவன் அல்லன். அவனுக்குச் சோதனை முடிவு இன்னும் வரவில்லை.

இனிக் களைக்கொல்லிகளுக்கு வருவோம்.