தென்கடல்மேல் ஒரு துடிமீன்



மாரியூர்க் கடற்கரையில், சித்திரைத் திங்கள் இரவு 9 மணியளவில் தெற்கு நோக்கி நிற்போர், அலைகளுக்கு மேலே சிலுவை வடிவில் நான்கு மீன்கள் ஒளிரக் காண்பர். அவற்றிற்குச் சற்று வலப்புறத்தே, வெறுங்கண்ணுக்குப் புலப்படாத ஓர் இரட்டை மீன் உள்ளது. செந்தாரசு எக்சு-3 என்பது மேலையர் இட்ட பெயர். 1970-இல் கென்யக் கடற்கரையை அடுத்த மேடையிலிருந்து ஏவப்பெற்ற உகுரு என்னும் செயற்கைக்கோள், அங்கிருந்து வரும் ஊடுகதிர் 4.8 நொடிக்கொருமுறை துடிப்பதை 1971-இல் கண்டுரைத்தது. கலங்கரை விளக்கம்போல் ஏதோவொன்று ஆங்குச் சுழல்கின்றது!

சுழல்வது நொதுமி மீன். கதிரவனினும் மிகுந்த நிறை, ஏறத்தாழ 20 கிலோமீட்டர் குறுக்களவுள்ள உருண்டைக்குள் அடங்கிக் கிடக்கின்றது. இத்தகு நெருக்கத்தை எண்ணிப் பார்க்க வழி திறந்தவருள் தலையாயவர் ஒரு தமிழர். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சந்திரசேகர், 1930-இல் தம் 19-ஆம் அகவையில் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார்; வெண்குறுமீனின் நிறைக்கு ஓர் எல்லை உண்டெனக் கப்பலிலேயே கணக்கிட்டார். கதிரவனைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கே அவ்வெல்லை. அதனை மிஞ்சினால் மீன் தன் எடையைத் தானே தாங்காது. 1935-இல் இலண்டன் அவையில் எடிங்டன் அதனை எள்ளி நகையாடினார். அக்கணக்கோ இன்றும் நிற்கின்றது.

செந்தாரசின் துணைமீன் மிகப் பெரியது. அதனின்று கழன்ற வளி நேரே சென்று வீழாது; வட்டாகச் சுற்றிச் சுற்றியே நொதுமி மீனை நெருங்கும். அவ்வட்டின் உள்விளிம்பைக் காந்தப்புலம் பற்றி, மீனின் முனைகளுக்குத் திருப்பிவிடும். திருவிழாக் குடையிராட்டினத்தைப் பற்றியோடும் சிறுவர், அதனினும் விரைந்தோடினால் அது முடுகும், பின்தங்கினால் தளரும். அவ்வாறே வட்டின் உட்பகுதி விரைந்தோடி மீனை முடுக்கும். புறப்பகுதி பின்தங்கித் தளர்த்தும். எது மேலோங்கும் என்பதை விழும் வளியின் அளவும் புலத்தின் வலிமையுமே முடிவு செய்யும்.

அவ்வலிமையை எங்ஙனம் அளப்பது? புலத்திற் சிக்கிய எதிர்மின்னிகள், குறித்த ஆற்றலுள்ள ஊடுகதிரைச் சிதறடிக்கும். நிறமாலையில் அவ்விடத்தே ஒரு பள்ளம் விழும். பள்ளம் விழுந்த ஆற்றலே புலத்தின் அளவுகோல். 1976-இல் செருமானிய அறிஞர் திரும்பர் குழுவினர் வளிக்கூண்டு ஏவி, எர்க்குலிசு எக்சு-1 என்னும் மீனில் இதனை முதன்முதற் கண்டனர். செந்தாரசிலும் அப்பள்ளம் உண்டு. அதன் புலம், புவியின் புலத்தைப்போற் சில நூறாயிரம் கோடி மடங்கு! 2015 செப்தம்பர் 28-இல் சிரீஅரிகோட்டாவிலிருந்து ஏவப்பெற்ற அசுட்ரோசாட்டும் இம்மீனை ஆய்ந்துள்ளது.

ஆயினும் முடிச்சு அவிழ்ந்தபாடில்லை. செந்தாரசு சில கிழமை முடுகும். சில கிழமை தளரும். தென்முக்கோண மீன்கூட்டத்து 4யூ 1626-67 இதனினும் விந்தையானது. 1977-இல் துடிப்பறிந்த நாள்முதல் முடுகிவந்த அம்மீன், 1990-இல் தளரத் தொடங்கிற்று. 2008-இல் மீண்டும் முடுகிற்று. 2023-இல் மறுபடியும் தளர்ந்தது. வளி குறையக் குறையச் சிறுகச் சிறுகத் தளரவேண்டும் என்பது எளிய கணக்கு. மீனோ, முடுகிய அளவுக்கு ஏறத்தாழ அதே அளவில் 1990-இல் எதிர்ப்புறம் திரும்பிவிட்டது. வட்டு வளைந்து நெளிந்ததோ, அன்றி எதிர்ச்சுழற்சியே கொண்டதோ என அறிஞர் இன்றும் வழக்காடிக்கொண்டுள்ளனர்.