மௌனத்திலிருந்து எழுத்துக்கு



எங்கள் சித்தாண்டியைப் போன்ற மட்டக்களப்புக் கிராமங்களின் கூத்துக் களரியிலே பெண் பாத்திரங்களை ஆண்களே ஆடுவது நெடுங்கால வழக்கம். அரங்கிலே பெண் தோன்றுவதை ஊர் இலகுவில் ஏற்றுக்கொள்வதில்லை. தமிழகத்திலும் நிலைமை பெரிதும் வேறாக இருக்கவில்லை. அக்காலத்தில் துணிந்து மேடையேறிய ஒருவரைப் பற்றியே இன்று பேசப்போகிறேன். அவர் டி. பி. ராஜலட்சுமி.

1911ஆம் ஆண்டு திருவையாற்றிலே பிறந்த இவருக்குக் குழந்தைப் பருவத்திலேயே திருமணம் செய்துவைத்தனர். அது நிலைக்கவில்லை. தந்தையையும் இழந்த நிலையில், வாழ வழிதேடி நாடகக் கம்பெனியிற் சேர்ந்தார். பாட்டும் வசனமுமே அன்றைய நாடகத்தின் உயிர். குரலே அவரது முதலாயிற்று.

ஆனால், 1929இல் 'கோவலன்' முதலிய மௌனப் படங்களில் நடித்தபோது அந்தக் குரலுக்கு அங்கே வேலை இருக்கவில்லை. கதையை விளக்கும் எழுத்துகள் இடையிடையே திரையில் வரும். எழுத்தறியாதோருக்கு ஒருவர் அதனை உரக்க வாசிப்பார். நடிகையோ வாயசைப்பதோடு சரி. அவளுக்காகப் பிறரே பேசினர்.

1931 ஒக்டோபர் 31ஆம் திகதி 'காளிதாஸ்' வெளியாயிற்று. தமிழின் முதற் பேசும் படம் என நாம் போற்றும் அதிலே கதாநாயகன் தெலுங்கிலே பேச, கதாநாயகி ராஜலட்சுமி தமிழிலே பேசினார். காந்தியடிகளின் இராட்டையைப் போற்றும் மதுரை பாஸ்கரதாஸின் பாடலையும் பாடினார். ஊமைத் திரையிலே தமிழ் ஒலித்தது ஒரு பெண்ணின் குரலில் என்பது சாதாரண செய்தியன்று.

எனினும் அந்தப் பேச்சும் பிறர் எழுதிக் கொடுத்ததே. தமது சொல்லைத் தாமே சொல்ல அவர் பேனாவைப் பிடித்தார். 'கமலவல்லி' என்ற நாவலை எழுதினார். அதனையே 1936இல் 'மிஸ் கமலா' எனத் தாமே தயாரித்து, இயக்கி, நடித்தார். தமிழ்ப் படத்தை இயக்கிய முதற் பெண் அவரே. விருப்பமில்லாத மணத்திலே சிக்கும் ஒரு பெண்ணின் கதை அது. சிறுமியாக மணமுடித்து வைக்கப்பட்டவர் இதனை எழுதினார் என்பதை நினைக்கும்போது, வெறும் பொழுதுபோக்காக அதனை ஒதுக்க மனம் வருவதில்லை.

1964இல் அவர் மறைந்தார். இன்று 'காளிதாஸ்' படத்தின் பிரதி ஒன்றேனும் கிடையாது. தென்னிந்திய மௌனப் படங்களிலும் 1933ஆம் ஆண்டின் 'மார்த்தாண்ட வர்மா' போல எஞ்சியவை மிக அரிது. எளிதில் தீப்பற்றும் அக்காலப் படச்சுருள்களைப் பேணுவார் இல்லை.

சினிமா வரலாறு அவரை 'முதற் கதாநாயகி' என நினைவு கூர்கிறது. நாங்கள் கற்பிக்கும் நாவல் வரலாறோ அவரை நினைப்பதில்லை. பெண் நாவலாசிரியர்களின் பெயர்களைக் கூறும்படி வகுப்பிலே கேட்டால், மாணவர் வை. மு. கோதைநாயகியைச் சொல்வர், ராஜலட்சுமியை ஒருவரும் சொல்வதில்லை. குற்றம் மாணவரதன்று, நாங்கள் கற்பிக்கவில்லை. நடிகை எழுதியது இலக்கியமாகாது என்ற எண்ணம் எங்களுக்குள்ளும் ஒளிந்திருக்கிறதோ என ஐயுறுகிறேன்.

மௌனப் படத்திலே அவர் பேசாதிருந்தது கருவியின் குறை. பேசியும் எழுதியும் வைத்த பின்னர் நாம் அவரை மௌனமாக்கினால் அது எங்கள் குறை. அடுத்த முறை தமிழ் நாவலின் வரலாற்றைச் சொல்லும்போது, 'கமலவல்லி'க்கும் ஒரு வரி ஒதுக்குவோம்.