முட்டுக்கட்டை

நல்ல காரியம் ஒன்று நடந்துகொண்டிருக்கும்போது இடையே புகுந்து அதைக் கெடுக்க முயல்கிறவரை, "முட்டுக்கட்டை போடுகிறார்" என்று சொல்வது நம்முடைய பேச்சிலும் பத்திரிகைகளிலும் நெடுங்காலமாக நிலைத்துவிட்ட வழக்கு. தேரடித் தெருவிலே பிறந்து வளர்ந்தவனாகிய எனக்கு இந்த வழக்கைக் கேட்கும்போதெல்லாம், குனிந்த முதுகும் வியர்வை வழியும் முகமுமாகத் தேர்ச்சக்கரத்தின் அருகிலேயே நகர்ந்துகொண்டு, கையிலுள்ள கட்டையை எந்தக் கணத்தில் எந்த இடத்தில் இடுவது என்பதைத் தவிர உலகத்தில் வேறொன்றையும் நினையாமல் இருந்த சில மனிதர்களின் உருவம் கண்முன் வந்து நிற்கும். தேரை ஓட்டுகிறவர்கள் என்று எங்கள் ஊரில் மதிக்கப்பட்டவர்கள் அவர்கள்தாம். வடம் பிடித்த ஆயிரம் பேருக்கும் இழுக்கிறவர்கள் என்றுதான் பெயர். அந்த ஓட்டும் கலையைப் பற்றி, அதற்குள்ளே பொதிந்திருக்கும் இயற்கைச் சக்திகளின் விளையாட்டைப் பற்றி, இன்று சிறிது நேரம் பேச விரும்புகிறேன்.

முதலில், அவர்கள் கையாண்ட பொருள் எத்தகையது என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும். திருவாரூர்த் தேரை எடுத்துக்கொள்வோம். அதற்கு வழங்கும் ஆழித்தேர் என்னும் பெயர் அப்பர் பெருமானின் தேவாரத்திலேயே வருவது. இன்று நாம் அங்கே காணும் ஆழித்தேர், அலங்காரம் முழுவதும் முடிந்த நிலையில் சுமார் 96 அடி உயரமும் ஏறத்தாழ 300 டன் எடையும் உடையது என்று சொல்லுகிறார்கள். அத்தனை பாரத்தைத் தராசின் ஒரு தட்டில் வைக்க முடியுமானால், மறு தட்டில் 60 கிலோ எடையுள்ள ஆட்கள் 5,000 பேரை ஏற்றினால்தான் முள் நேராக நிற்கும். மாட்டு வண்டிக்கு இருப்பதுபோலத் தேருக்கு நுகத்தடி கிடையாது. மோட்டார் வண்டிக்கு இருப்பதுபோல முன்சக்கரங்களைத் திருப்பும் கருவியும் கிடையாது. அச்சுகள் அடிச்சட்டத்தோடு பிணைந்தவை. ஆதலால் தேருக்குத் தானாகத் தெரிந்தது நேரே போவது ஒன்றுதான். அப்படிப்பட்ட ஒன்று, நான்கு வீதிகளிலும் மூலைக்கு மூலை செங்கோணமாகத் திரும்பி, இருபுறத்துத் திண்ணைகளுக்கும் கூரைகளுக்கும் ஊறு செய்யாமல், புறப்பட்ட நிலைக்கே வந்து சேரவேண்டும்.

தேரோட்டத்தில் மிகக் கடினமான கட்டம் முதல் ஓர் அடிதான் என்பது அதைப் பார்த்தவர்களுக்கெல்லாம் தெரியும். ஓராண்டுக் காலம் ஒரே இடத்தில் நின்ற தேரின் அச்சு சக்கரக் குடத்தில் அழுந்திக் கிடக்கும். சக்கரத்தின் அடியில் மண்ணும் சிறிது குழிந்திருக்கும். பிரெஞ்சு இராணுவத்தில் எஞ்சினியராக இருந்த கூலோம் என்பவர், 1781-ஆம் ஆண்டில் பாரிஸ் விஞ்ஞானக் கழகத்தின் பரிசைப் பெற்ற தம்முடைய ஆராய்ச்சியில், ஒன்றன்மேல் ஒன்றாக வெகுநேரம் அழுந்தியிருந்த இரு மரப் பரப்புகளைப் புதிதாக நகர்த்துவதற்கு வேண்டிய விசை, நகரத் தொடங்கிய பிறகு அவற்றை நகர்த்திக்கொண்டே இருப்பதற்கு வேண்டிய விசையைக் காட்டிலும் அதிகம் என்று அளந்து காட்டினார். அந்த அளவைத் தேரடியில் அறிந்திருக்கமாட்டார்கள். ஆனால் அந்த உண்மையை அறிந்து அதற்கு வேண்டிய உபாயத்தையும் வைத்திருந்தார்கள். வடம் முழுவதும் விறைப்பேறி நிற்க, ஒரே குரலின் ஏற்றத்தோடு எல்லோரும் ஒரே கணத்தில் இழுக்க, அதே கணத்தில் பின்சக்கரங்களின் அடியில் கொடுத்த நீண்ட நெம்புமரங்களின் மேல் ஆட்கள் ஏறி மிதிப்பார்கள். கொங்கு நாட்டிலே இதைச் சன்னை போடுதல் என்று சொல்லுகிறார்கள். "ஆரூரா, தியாகேசா" என்று திருவாரூரில் எழும் கோஷத்துக்கு இப்படியும் ஒரு பயன் உண்டு: பக்தியின் குரலாக இருக்கும்போதே அது ஆயிரம் தோள்களைக் கால அளவில் ஒன்றாக்கும் தாளமாகவும் இருக்கிறது. ஒவ்வொருவரும் தம் விருப்பப்படி விட்டுவிட்டு இழுத்தால், அவர்களுடைய பலம் ஒருநாளும் ஒரு கணத்தில் கூடாது, தேரும் அசையாது.

உராய்வு என்பது இயக்கத்தின் பகை என்று பள்ளிக்கூடத்தில் நமக்குச் சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். தேர் வீதியில் நின்று பார்த்தால் அந்தப் பாடம் பாதிதான் உண்மை என்பது விளங்கும். அச்சிலே உராய்வு ஆகாது. அதற்காகத்தான் அங்கே மசகு இடுகிறார்கள். ஆனால் வடம் பிடித்த கையிலிருந்து கயிறு நழுவாமல் இருப்பதும், இழுப்பவன் பாதம் மண்ணிலே வழுக்காமல் ஊன்றி நிற்பதும் உராய்வின் உதவியால்தான். மழை பெய்து வீதி சேறானால் தேர் நின்றுபோவதற்குக் காரணம் சக்கரம் புதைவது மட்டுமன்று. இழுப்பவர்களின் கால் பிடி தளர்ந்துபோவதும் சேர்ந்துதான். எந்த இடத்தில் அதைக் குறைப்பது, எந்த இடத்தில் அதை வளர்ப்பது என்று தெரிந்திருப்பதே இந்த வித்தையின் பெரும் பகுதி என்று நான் கருதுகிறேன்.

புறப்பட்டுவிட்ட தேர் வேறொரு பிராணி. 1687-இல் வெளிவந்த தம் பெருநூலில் நியூட்டன் முதல் விதியாக வகுத்துச் சொன்னபடி, சலனத்தில் உள்ள பொருள், வேறொரு விசை வந்து தடுக்கும்வரையில், அந்தச் சலனத்தை விடாது. வடம் பிடித்தவர்கள் கையை விட்டுவிட்டால் தேர் நின்றுவிடும் என்று எண்ணுவது பிழை. அது அவர்கள் மேலேயே வந்துகொண்டிருக்கும். இதோடு வீதியின் வாட்டமும் சேர்ந்துகொள்கிறது. நூறு அடிக்கு ஓர் அடி என்ற கணக்கில் சரிகின்ற தெருவைச் சமதரை என்றே நம் கண் சொல்லும். மழைநீருக்குத்தான் அந்தச் சரிவு தெரியும். ஆனால் 300 டன் பாரத்தை அந்தச் சரிவிலே நிறுத்தினால், பூமியின் ஆகர்ஷணம் அதை இறக்கத்தை நோக்கி 3 டன் விசையோடு ஓயாமல் இழுத்துக்கொண்டிருக்கும். கண்ணுக்குப் புலப்படாத ஐம்பது பேரின் எடை, யார் சொல்லையும் கேளாமல், முன்னே நின்று வடம் பிடிப்பதற்கு அது சமானம். எங்கள் ஊரில் கட்டை போடுகிறவர்கள் தேருக்கு முதல்நாள் மாலையில் வெறுங்காலோடு நான்கு வீதிகளையும் மெல்ல நடந்து பார்த்துவிட்டு வருவார்கள். சிறுவர்களாகிய நாங்கள் அதைப் பிரதட்சிணம் என்று எண்ணியிருந்தோம். வாட்டத்தை அவர்கள் பாதத்தால் படித்துக்கொண்டிருந்தார்கள் என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் விளங்கிற்று.

இனிக் கட்டைக்கு வருவோம். புளி போன்ற வலிய மரத்தை ஆப்பு வடிவமாகச் செதுக்கிய துண்டு அது. ஒருபுறம் மெலிந்தும் மறுபுறம் பருத்தும், மேற்புறம் சரிவாகவும் இருக்கும். சக்கரம் வரும் வழியில் மெலிந்த முனையை முன்வைத்து அதை இடுவார்கள். நிறுத்தும் பொருள் கட்டைதான் என்றே நான் நினைத்திருந்தேன். ஆனால் எங்கள் தெருவில் எல்லோரும் பெரியப்பா என்று அழைத்த, இந்த வேலையிலேயே தலை நரைத்த ஒருவர், ஒருநாள் நிலையடியில் உட்கார்ந்து கட்டையைச் செதுக்கிக்கொண்டே எனக்குச் சொன்னார்: "கட்டையாடா தம்பி தேரை நிறுத்துது? தேரு கட்டை மேலே ஏறப் பார்க்குது. ஏற முடியாம, அதோட கனமே அதை நிறுத்திப்புடுது."

அந்தச் சொல்லைப் பிற்காலத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒருவன் நிதானமாக நடக்கும் வேகத்தில், அதாவது வினாடிக்கு ஒரு மீட்டர் என்ற அளவில், தேர் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வடத்தைத் தளர்த்திவிட்டு, அது ஒரு சரிவின்மேல் ஏறுமாறு விட்டால், எவ்வளவு உயரம் ஏறியவுடன் அதன் வேகம் முழுவதும் தீர்ந்துபோகும்? சுமார் 5 சென்டிமீட்டர். நான்கு சக்கரங்களும் சேர்ந்து ஏறாமல் முன்சக்கரங்கள் இரண்டு மட்டும் ஏறுவதால் தேரின் பாரம் மொத்தத்தில் அதில் பாதியளவே உயரும். ஆகையால் சக்கரம் 10 சென்டிமீட்டர் ஏறவேண்டும் என்று கொள்ளலாம். அரைச் சாண் உயரத்துக்கும் அது குறைவு! இந்தக் கணக்கில் தேரின் எடை எங்குமே வருவதில்லை என்பதுதான் எனக்கு இன்றளவும் தீராத ஆச்சரியமாக இருக்கிறது. முந்நூறு டன் தேரானாலும் மூன்று டன் தேரானாலும், ஒரே வேகத்தில் வந்தால், ஒரே உயரத்தில்தான் நிற்கும்; பாரம் எவ்வளவுக்கெவ்வளவு அதிகமோ அவ்வளவுக்கவ்வளவு அதை மேலே ஏறவிடாமல் கீழே இழுக்கும் ஆகர்ஷணமும் அதிகம். ஆனால் வேகம் இருமடங்கானால் உயரம் நான்கு மடங்காகிறது. 40 சென்டிமீட்டர் உயரமுள்ள கட்டையை ஓடுகிற சக்கரத்தின் முன் வைக்க எந்த மனிதனாலும் ஆகாது. ஆகையால்தான் பழகிய கை, வேகம் வளரும் வரையில் காத்திராமல், பத்தடிக்கு ஒரு தரமாயினும் சிறு கட்டையை இட்டு, தேர் அதன்மேல் சற்று ஏறித் தயங்க, உடனே அதை விலக்கி, மறுபடியும் இட்டு, இப்படியே தேரை நடை பயிலும் குழந்தையைப் போல நடத்திச் செல்லுகிறது. இருபுறமும் ஒரே கணத்தில் கட்டை விழவேண்டும். அரைக்கணம் முந்திப் பிந்தினாலும் தேரின் முகம் திரும்பிவிடும்.

சரிவு எவ்வளவு இருக்கவேண்டும் என்பதிலும் நுட்பம் உண்டு. கட்டையின் மேல் ஏறும் சக்கரம் அதைக் கீழ்நோக்கியும் அழுத்துகிறது, முன்நோக்கியும் தள்ளுகிறது. சரிவு மிதமாக இருந்தால் அழுத்தம் மேலோங்கிக் கட்டை தரையோடு கவ்விக்கொள்ளும்; சரிவு செங்குத்தாகிவிட்டால் தள்ளுதல் மேலோங்கி, சக்கரம் கட்டையை உதைத்து எறிந்துவிடும். இந்த எல்லையை உராய்வுக் கோணம் என்று இயந்திர சாஸ்திரம் வரையறுக்கிறது. பெரியப்பா அதைக் கைவிரல்களை விரித்துக் காட்டிய அளவால் வரையறுத்தார். சில வேளைகளில் கட்டை அசையாமல் நிற்பதைவிட, சக்கரத்துக்கு அடியில் அகப்பட்டுத் தரையோடு இழுபட்டு வருவதே நல்லது. அப்போது தேரின் வேகம் உராய்வினால் உஷ்ணமாக மாறுகிறது. ம்யூனிக் நகரத்து ஆயுதச்சாலையில் பீரங்கி துளைக்கும்போது எழுந்த உஷ்ணத்தைக் கண்டு ரம்போர்டு பிரபு 1798-இல் எழுதிய கட்டுரை விஞ்ஞான சரித்திரத்தில் பிரசித்தமானது. தேர் வீதியில் கருகிய மரவாசனையோடு எழும் மெல்லிய புகையும் அதே செய்தியைத்தான் சொல்லுகிறது.

திருப்புவதும் இதே கட்டையால்தான். வலப்புறச் சக்கரத்துக்கு மட்டும் கட்டை கொடுத்தால் அந்தப் புறம் தயங்கும், இடப்புறம் முன்னேறும், தேரின் முகம் வலப்பக்கம் சாயும். கட்டையைக் கோணலாக வைத்தால் சக்கரம் ஏறிப் பக்கவாட்டில் சரிந்து இறங்கும். வீதி மூலையில், சக்கரங்களின் அடியில் இரும்புத் தகடுகளைப் பரப்பி, அவற்றின்மேல் மசகு தடவி, வடத்தை அடுத்த வீதிக்குள் கொண்டுபோய் இழுப்பதும் உண்டு. இத்தனை நேரம் வேண்டியிருந்த உராய்வை அங்கே ஒரு நாழிகைக்கு வேண்டாமென்று அனுப்பிவிடுகிறார்கள். இவ்வளவு ஆட்டத்திலும் தேர் கவிழாமைக்குக் காரணம், கனமான மரவேலையெல்லாம் கீழ்ப்பகுதியிலும், மேலே வானளாவி நிற்பது பெரும்பாலும் மூங்கிலும் சீலையும் தொம்பைகளுமாகவும் அமைந்திருப்பது.

திருவாரூர்த் தேருக்குத் திருச்சி பாரத மிகுமின் நிறுவனத்தார் இரும்புச் சக்கரங்களையும் எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் தடைகளையும் அமைத்துக் கொடுத்திருக்கிறார்கள். வேறு பல ஊர்களிலும் இப்போது இவை வந்துவிட்டன. பழமை போயிற்றே என்று வருந்துகிறவர்கள் உண்டு. நான் அவர்களோடு சேரமாட்டேன். சக்கரத்தடியில் விரலையும் காலையும் இழந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். உயிரையே இழந்தவர்களின் குடும்பங்களும் எத்தனையோ ஊர்களில் இருக்கின்றன. ஒரு மனிதனுடைய கையைப் பணயமாக வைத்துத்தான் ஒரு கலை வாழவேண்டும் என்பதில்லை. ஆனால் தடை நிறுத்துமே தவிரத் திருப்பாது. ஆகையால் இரும்புச் சக்கரத்தின் முன்னும் இன்றைக்கும் கட்டையோடு ஒருவர் குனிந்துகொண்டுதான் இருக்கிறார். தேரைச் செதுக்கிய ஸ்தபதியைப் போற்றுகிறோம். திருப்பணி செய்த தனவான்களின் பெயரைக் கல்லில் பொறிக்கிறோம். ஒரு முழு யந்திர சாஸ்திரத்தைக் கையிலும் பாதத்திலும் வைத்துக்கொண்டு, தந்தை மகனுக்குச் சொல்லிக்கொடுத்து வந்த இந்த மனிதர்களின் அறிவை எழுதி வைக்க நாம் முயலவில்லை என்பதில் எனக்கு மெய்யான வருத்தம் உண்டு. விரல்களை விரித்து எனக்குக் கோணத்தைக் காட்டிய பெரியப்பாவிடம், அந்த அளவை ஒரு காகிதத்தில் வரைந்து வாங்கிக்கொள்ளவேண்டும் என்று எனக்கே அன்று தோன்றவில்லை.

தேர் நிலைக்கு வந்த மறுநாள் காலையில் வீதியிலே நடந்தால், கட்டைகள் இழுபட்ட இடங்களில் கறுத்த கோடுகள் தென்படும். வாய்ப்பு இருப்பவர்கள் அவற்றை உற்றுப் பாருங்கள். குட்டையான கோடுகள் நெருங்கிக் கிடக்கும் இடத்தில் தேர் சொன்னபடி கேட்டு நடந்திருக்கிறது. நீண்ட கோடு ஒன்று தனியே கிடந்தால், அங்கே வாட்டம் இருக்கிறது, வேகம் ஒரு கணம் கையை மீறியிருக்கிறது, யாரோ ஒருவர் கட்டையோடு கூடவே ஓடியிருக்கிறார். அடுத்த மழை வரையில் அந்தக் கோடுகள் அங்கே இருக்கும்.