எத்தனை முகாம் நடத்தினீர்கள்?



உளவியலும் சமூகப் பணியும் படித்து இன்று பட்டம் பெறும் உங்களில் பலர் பள்ளி ஆலோசகர்களாகப் போகிறீர்கள் என்றார்கள். அப்படியானால் நாலந்தா கதையைச் சொல்லியே ஆகவேண்டும். என் மாணவர்களுக்கு அது கேட்டுக் கேட்டுப் புளித்த கதை, நீங்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பீகாரின் நாலந்தா மாவட்டத்தில் 74 அரசுப் பள்ளிகள். 'சங்காத்' அமைப்பின் ஆய்வாளர்கள் அவற்றைக் குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவில் வெளியிலிருந்து வந்த ஆலோசகர். மனநல மருத்துவரல்ல, பயிற்சி பெற்ற சாதாரண ஆள். இன்னொரு பிரிவில் அதே வேலையை ஆசிரியரே செய்தார். மூன்றாவதில் வழக்கமான வளரிளம் பருவக் கல்வி மட்டும். முதல் இரண்டு பிரிவுகளிலும் குறைகளை எழுதிப் போட ஒரு பெட்டி, சுவர்ப் பத்திரிகை, மாணவர் குழு, தனியாகப் பேச ஓர் இடம் என எளிய ஏற்பாடுகள்தான். 2018இல் 'லான்செட்' மருத்துவ இதழில் முடிவு வந்தது. ஆலோசகர் இருந்த பள்ளிகளில் பள்ளிச் சூழல் மேம்பட்டது. மனச்சோர்வு, சீண்டல், வன்முறை எல்லாம் குறைந்தன. ஆசிரியர் செய்த பள்ளிகளிலோ பலனே தெரியவில்லை.

ஆசிரியர்களைக் குறை சொல்லவில்லை. மதிப்பெண் போடுகிறவரிடமே மனதைத் திறப்பது எந்தப் பிள்ளைக்கும் கடினம். நான் படித்தபோது எங்களுக்கு ஆலோசகர் பி.டி. வாத்தியார்தான். ஒரு கையில் விசில், மறு கையில் பிரம்பு. தங்கமான மனிதர். ஆனாலும் யார் போவார்கள்?

நாலந்தாவில் அளந்து பார்த்ததால்தான் அந்த வித்தியாசம் தெரிந்தது. பிரிட்டனிலும் அப்படி அளந்தார்கள்: 85 பள்ளிகளில், எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கிடையே மனக்கவனப் பயிற்சியை (மைண்ட்ஃபுல்னஸ்) சோதித்தார்கள். வழக்கமான பாடத்தைவிட அது மேலில்லை என்று 2022இல் ஒளிக்காமல் வெளியிட்டார்கள். நம் ஊர் அறிக்கைகளிலோ எத்தனை முகாம், எத்தனை பேர் வந்தார்கள், பேனர் முன் நின்ற படம், அவ்வளவுதான். பிள்ளைக்கு என்ன மாறியது என்ற வரியைத் தேடித் தேடி எனக்குக் கண்ணாடியின் பவர் ஏறியதுதான் மிச்சம்.

ஆகவே ஜூனில் வேலையில் சேர்ந்ததும், எதையும் தொடங்குமுன் எளிய வினாத்தாள் ஒன்றைக் கொடுத்துப் பிள்ளைகளின் நிலையைக் குறித்துவையுங்கள். அதில் வேதனை தெரிந்தால் அன்றைக்கே கவனியுங்கள். மார்ச் வரை காத்திருக்க வேண்டாம். மார்ச்சில் அதே கேள்விகளை மறுபடி கேளுங்கள். ஒப்பிட்டுப் பார்க்க, ஆலோசகர் இல்லாத பக்கத்துப் பள்ளியிலும், வேதனை தெரியும் பிள்ளைக்கு உதவ ஏற்பாடு செய்துகொண்டு, அதையே கேட்க அனுமதி வாங்குங்கள். அந்தத் தலைமையாசிரியர் முதலில் மறுப்பார். மறுவாரமும் போங்கள்.