புது வீட்டுக்குப் பழைய தளபாடம்

வீட்டைக் கட்டிப் பார், கலியாணத்தை நடத்திப் பார் என்றார்கள் முன்னோர். கொழும்பு மாநகரிலே உத்தியோகம் பெற்று வருவோருக்கு மூன்றாவதாக ஒன்றும் உண்டு. வாடகைக்கு எடுத்த தொடர்மாடி வீட்டைத் தளபாடங்களால் நிரப்பிப் பார் என்பதே அது. முற்பணத்தைக் கொடுத்துத் திறப்பை வாங்கிக் கதவைத் திறந்தால், வரவேற்க நிற்பவை வெறுஞ் சுவர்களே.

வடமராட்சியிலிருந்து வெள்ளவத்தைக்குக் குடிவந்த ஓர் இளந் தம்பதியரின் நிலையும் இதுவாகவே இருந்தது. கணவன் எழுதுவினைஞன், மனைவி ஆசிரியை. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியால் விலைவாசி ஏறிப்போயிருந்த காலம். கட்டில், அலுமாரி, மேசை, கதிரை யாவற்றையும் தவணை முறையிலே தருவதற்குக் கடைக்காரர் ஒருவர் முன்வந்தார். கணவன் கையொப்பமிடும் நிலையிலே இருந்தான். அப்போது மனைவி, "இரண்டு வருஷத்துக்குச் சம்பளத்தில் அரைவாசி இதற்கே போனால், ஊரில் இருக்கிற மாமியின் மருந்துக்கு எதை அனுப்புவது?" என்று கேட்டாள். அந்தக் கேள்விதான் பாவித்த தளபாடங்களைத் தேடும் வழியில் அவர்களைச் செலுத்தியது.

பிறர் பாவித்ததை வாங்குவது மதிப்புக் குறைவென்று எண்ணுவோர் நம்மிடையே பலர். சற்றே சிந்தித்தால் அவ்வெண்ணம் நில்லாது. கதிரை, மேசை, அலுமாரி என்னும் சொற்கள் போர்த்துக்கேயரிடமிருந்து நாம் பெற்றவை. ஏலம் என்னும் சொல்லும் அவர்கள் வழி வந்ததே. மேசையின் லாச்சியோ ஒல்லாந்தர் விட்டுச்சென்ற சொல். பெயர்களே கைமாறி வந்திருக்க, பொருள் கைமாறி வருவதிலே என்ன இழிவு உண்டு? கடன்பட்டு வாங்கிய புதிய கதிரையைவிட, கைக்காசு கொடுத்து வாங்கிய பழைய கதிரையிலே மனிதன் நிம்மதியாக அமரலாம்.

ஆயினும், பழையது என்பதனாலேயே ஒரு பொருள் மலிவாகிவிடாது. வாங்கப் புறப்படுமுன் கையிலெடுக்க வேண்டியது அளவு நாடா. அறையின் நீள அகலத்தை அளந்தாற் போதாது. வாசற்கதவு, மின்தூக்கியின் உட்புறம், படிக்கட்டு திரும்பும் மூலை ஆகியவற்றையும் அளந்து குறித்துக்கொள்ளல் வேண்டும். பழைய பத்திரிகைத் தாள்களைக் கட்டிலின் அளவுக்குத் தரையிலே பரப்பிப் பார்த்தால், நடப்பதற்கு எவ்வளவு இடம் எஞ்சும் என்பது விளங்கிவிடும்.

அடுத்தது மரத்தை அறிதல். தேக்கு, முதிரை, பலா ஆகியவற்றின் வைரம் தலைமுறைகளுக்கு நிற்கும். பலா, புதிதில் மஞ்சளாயிருந்து காலஞ் செல்லச் செல்லக் கபில நிறமடையும். மேற்பூச்சை மட்டும் கண்டு மயங்கலாகாது. லாச்சியை வெளியே இழுத்து அதன் அடிப்புறத்தையும், அலுமாரியின் முதுகையும் பார்த்தல் வேண்டும். பூசப்படாத இடமே உண்மையைச் சொல்லும். மரத்தூளைப் பசையிட்டு அழுத்திய பலகையாயின் விலகிச் செல்வதே நன்று. ஈரம் பட்டால் அது ஊதும். ஒருமுறை கழற்றிய ஆணி மீண்டும் அதிலே இறுகாது. கடலோர வீடுகளில் இருந்த பொருளாயின், உப்புக் காற்றினாற் பிணைச்சல்கள் துருப்பிடித்துள்ளனவா என்பதையும் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, பூச்சி. மரத்திலே சிறு துளைகள் காணப்பட்டால் அஞ்சி ஓட வேண்டியதில்லை. துளைகள் கறுத்து, தூசி இன்றி இருந்தால் அவை பெரும்பாலும் பழைய கதை. துளையருகே மாப்போன்ற புதுத்தூள் உதிருமாயின் வண்டு இன்னும் உள்ளே இருக்கிறது. மெத்தையை மாத்திரம் புதிதாகவே வாங்குதல் தகும். அதன் தையல் மடிப்புகளில் மறைந்து வரும் மூட்டைப்பூச்சியை வீட்டைவிட்டு விரட்டுவது எளிதன்று.

நான்காவது, கணக்கு. ஓர் அலுமாரியின் விலை 25,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஏற்றியிறக்கும் கூலி 5,000, பிணைச்சல் மாற்றி மெருகிடும் செலவு 8,000 எனின், அதன் மெய்விலை 38,000 ரூபாயாகும். இந்தத் தொகையைத்தான் புதியதன் விலையோடு ஒப்பிடுதல் வேண்டும்.

இவற்றையெல்லாம் மனத்திற்கொண்ட அத்தம்பதியர், ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகை விளம்பரம் ஒன்றைக் கண்டு, பம்பலப்பிட்டியில் ஒரு வீட்டுக்குச் சென்றனர். கனடாவிலுள்ள மகளிடம் போகவிருந்த மூதாட்டி ஒருவர் தம் வீட்டுப் பொருள்களை விற்றுக்கொண்டிருந்தார். அங்கிருந்த அலுமாரி கண்ணைப் பறித்தது. ஆனால் அளவு நாடாவைப் பிடித்துப் பார்த்தபோது, அது படிக்கட்டின் மூலையிலே திரும்பாதென்பது தெரிந்தது. மனமில்லாமலே அதனை விட்டனர். பலாமரத்திலான சாப்பாட்டு மேசையும் நான்கு கதிரைகளும் மனத்துக்குப் பிடித்தன. ஒரு கதிரையின் காலடியிலே மட்டும் புதுத்தூள் உதிர்ந்திருந்தது. "அம்மா, இந்தக் கதிரையில் வண்டு இருக்கிறது. மருந்திட்டுக் காலை மாற்ற வேண்டிவரும்" என்று கணவன் காட்டினான். மூதாட்டி குனிந்து பார்த்து, "உண்மைதான் தம்பி" என்று விலையைக் குறைத்தார்.

மாத முடிவிலே வீட்டை ஒப்படைக்க வேண்டுமென்று அவர் பேச்சிடையே சொல்லியிருந்தார். அதைப் பிடித்துக்கொண்டு கணவன் மேலும் குறைத்துக் கேட்க வாயெடுத்தான். மனைவி அவன் கையை மெல்லத் தொட்டாள். அவன் பேசாமற் பணத்தை எண்ணி வைத்தான்.

பாவித்த பொருள் வாங்குவோர் மனத்திற் பதிக்க வேண்டிய நெறி இதுவே. பொருளின் குறையைச் சொல்லி விலை பேசுவது வியாபாரம். விற்பவரின் முட்டுப்பாட்டைக் கண்டு விலை பேசுவது வியாபாரமன்று. ஒரு வீடு நிரம்புகையில் மற்றொரு வீடு வெறுமையாகின்றது என்பதை மறந்துவிடலாகாது.

மேசையின் ஒரு காலிலே கத்தியாற் கீறிய அடையாளம் ஒன்று இருந்தது. "என்ரை மூத்தவன் சின்ன வயதிலே கீறினது. மெருகிடேக்கை அதைச் சீவிப்போடாதேங்கோ, பிள்ளை" என்று மூதாட்டி கேட்டுக்கொண்டார்.

மெருகிட வந்த தச்சர், அக்கீறலைச் சீவி ஒப்பமாக்கித் தருவதாகச் சொன்னார். "அது இருக்கட்டும்" என்றாள் மனைவி. அந்த மாதமும் மாமியின் மருந்துப் பணம் வழக்கமான நாளிலேயே ஊருக்குப் போய்ச் சேர்ந்தது.